நடு மேட்டில் நிறுத்திப் பார்த்த ஜீப்

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் ஆவடி பட்டாளத்து ஆஸ்பத்திரியில் ஆட்களைக் குறைக்கத் தொடங்கினார்கள். அங்கே கம்பவுண்டராக இருந்த என் கணவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் அலைந்த பிறகு இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து கடிதம் வந்தது. தோட்டம் நாலு மலைகளில் சிதறிக் கிடக்கிறது, மருந்துப் பெட்டியோடு தினமும் ஏறி இறங்க வேண்டும், அங்கே வண்டி கிடைப்பது கஷ்டம், நல்ல உறுதியான வண்டியாக ஒன்றைக் கையோடு கொண்டுவந்தால் கப்பல் செலவைத் தோட்டமே ஏற்கும் என்று துரை எழுதியிருந்தார்.

அதுவரை எங்கள் அம்பத்தூர் வீட்டில் வண்டி என்றால் கட்டை வண்டிதான். என் கணவர் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டப் பழகியிருந்தார். அந்தத் தைரியத்தில் பூந்தமல்லியில் இருந்த ஒரு பாயிடம் சொல்லி வைத்தார். பட்டாளம் கழித்துக்கட்டிய வண்டிகளை ஏலத்தில் எடுத்து, தட்டி நிமிர்த்தி விற்பது அவர் தொழில். அவரிடம் அப்போது இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று ஏழு பேர் உட்காரும் பிளஷர். காரை அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்வோம். இன்னொன்று ஜீப்.

நாங்கள் ஐந்து பேர். நானும் கணவரும், இரண்டு பெண் குழந்தைகள், கணவரின் அக்கா. ஜீப்பில் முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் மருந்துப் பெட்டியை வைத்தால் குழந்தைகள் இரண்டும் ஒண்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். பிளஷர் வாங்கினால் நாத்தனார் எங்களோடு வருவார், ஜீப் வாங்கினால் வரமாட்டார். எனக்கு ஜீப்தான் வேண்டியிருந்தது.

அவர் பொல்லாதவர் இல்லை. பதினாறு வயதில் தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்கு வந்து, தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். நிலத்தைத் தானே நின்று உழுவித்தவர். ஆனால் ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் என்ன குழம்பு வைப்பது என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. என் பெரிய பெண்ணுக்கு எந்தப் பக்கம் வகிடெடுப்பது என்பதுகூட அவர் தீர்மானம். எனக்கென்று ஒரு அடுப்பு இருந்தால் போதும், மலையோ காடோ எங்கே வேண்டுமானாலும் போகத் தயாராக இருந்தேன். ஜீப்பைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. திறந்தால் காரணம் தெரிந்துவிடும் என்று பயம்.

என் கணவர் பிளஷரைத்தான் முடிப்பது என்று இருந்தார். அக்காவை விட்டுவிட்டுப் போவதை அவரால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. நிலத்தைக் குத்தகைக்குப் பேசியாகிவிட்டது. நாத்தனாரும் தன் கறவை மாட்டை வெள்ளானூருக்கு விற்றுவிட்டு, குளிருக்கு ஆகும் என்று ஒரு பட்டாளத்துக் கம்பளி வாங்கி மடித்து வைத்திருந்தார். அந்தக் கம்பளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும்.

வண்டியைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக்கூடாது என்று சொன்னவர் நாத்தனார்தான். ஒரு காலையில் பாய் பிளஷரை ஓட்டிவர, அவருடைய ஆள் ஜீப்பைக் கொண்டுவந்தான். ஏரிக்கரைப் பக்கம் எல்லோரும் போனோம். பாய் பிளஷரின் கதவைத் திறந்து மெத்தையைத் தட்டிக் காட்டினார். குழந்தைகள் ஏறிக் குதித்தன. என் கணவர் அதைச் சமதரையில் இரண்டு சுற்று ஓட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினார். கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"தரையில ஓட்டிக் காட்னா இன்னா தெரியும் நைனா? நாலு மூட்டைய ஏத்திகினு கரைமேல ஏறு" என்றார் நாத்தனார்.

"ஏறும்மா. இதுக்கு இன்னா கேடு?" என்றார் பாய்.

"ஏர்றத யாரு கேட்டா? நடு மேட்டுல நிறுத்து. நிறுத்திட்டு மறுபடியும் கெளப்பு. அத பாக்கணும்."

சந்தையில் மாடு பிடிக்கும்போதும் நாத்தனார் பல்லையும் சுழியையும் மற்றவர்களுக்கு விட்டுவிடுவார். பாரத்தைக் கட்டி மேட்டில் ஏற்றி, பாதியில் நிறுத்தச் சொல்வார். வேகத்தில் எந்த மாடும் ஏறிவிடும், நின்றுவிட்டு மறுபடி இழுப்பதுதான் மாடு என்பது அவர் கணக்கு.

நாலு நெல் மூட்டைகளோடு பிளஷர் பாதி மேடு போய் நின்றது. கிளப்பியபோது உறுமியது, குலுங்கியது, பிறகு மெல்லப் பின்னால் சரிந்து ஒரு பனைமரத்தில் பின்பக்கம் இடித்து நின்றது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. கணவருக்கு அடிபட்டதா என்று பார்ப்பதற்கு முன்பே குளிர்ந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதே மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஜீப் அதே இடத்தில் நின்றது, ஒரு விரற்கடை பின்வாங்காமல் மேலே ஏறிப்போனது.

"பிரேக்கு தளர்ந்து கீது அக்கா. இறுக்கிட்டா சரியாப்பூடும்" என்றார் என் கணவர். அவர் குரல் கெஞ்சியது.

"மலைல கொயந்தைங்கள வச்சிகினு போவும்போது எறங்கி இறுக்கினு இருப்பியா? ஜீப்ப முடி."

"அதுல உனக்கு எடம் இல்லியே அக்கா."

"எனக்கு இன்னாத்துக்குடா அந்தக் குளுரு? ஊட்டப் பாத்துக்க ஒரு ஆளு வேணாவா?"

என் கணவர் பாயிடம் போய் ஜீப்புக்கு விலை பேசினார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நான் ஒரு வார்த்தை பேசாமல், ஒருவரையும் நோகடிக்காமல், வேண்டியது தானாக நடந்துவிட்டது. நாத்தனாரே ஒதுங்கிக்கொண்டார், நான் என்ன செய்ய முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பி வரும் வழியில் சின்னவளை அவரே இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார்.

அன்று மத்தியானம் சமையலறையில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நாத்தனார் அடுப்படியில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார். திரும்பாமலே பேசினார்.

"கொழும்புலேர்ந்து அந்த மலையூர் வரிக்கும் ரயிலு போவுதாமே. பாய் சொன்னாரு."

ரயில் போவது எனக்கும் தெரியும். கடிதம் வந்த அன்றே என் கணவர் சொல்லியிருந்தார். பிளஷரே வாங்குவது என்று இருந்ததால் அவர் அதை அப்போதே மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

"அவன் ஜீப்புல வரட்டும், நாம ரயிலுல போலாம் அண்ணின்னு நீ ஒரு வார்த்த சொல்லுவேன்னு பாத்துகினே இருந்தேன் பொண்ணு. கரைமேல நிக்கும்போதும் பாத்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. குழம்பிலிருந்து ஒரு சொட்டைக் கையில் விட்டு நக்கிப் பார்த்தார். அப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கப்பலுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்த ஒரு வார்த்தையை அங்கேயே, கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். அது தொண்டைவரை வரவும் வந்தது.

"உப்பு சரியா கீதா அண்ணி?" என்று கேட்டேன்.

"சரியாத்தான் கீது" என்றார்.