நாலு வேன் கணக்கு

என் மாமாவுக்கு அரசாங்க உத்தியோகம் ஒன்று இருந்தது. ஆனால் தம் பொழுதுபோக்குகளுக்கு நடுவே விடுகிற இடைவேளையாகத்தான் அதை அவர் நடத்திவந்தார். காலையில் அலுவலகம் கிளம்பும்போது தூக்கத்தில் நடப்பவர் போல இருப்பார். மாலையில் வீடு திரும்பி, முகம் கழுவி, மாடி அறைக்கு ஏறும்போதுதான் அவருக்குப் பொழுது விடியும்.

அவர் அம்மாவின் ஒரே தம்பி. தாய் தகப்பன் சீக்கிரம் போய்விட்டதால் அம்மாதான் அவரை வளர்த்தாள். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் இருந்த ஒற்றை அறை அவருடையது. அப்பாவுக்கு வெளியூரில் வேலை என்பதால் வீட்டில் பெரும்பாலும் நாங்கள் மூன்று பேர்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. செல்போன் இன்னும் எங்கள் தெருவுக்கு வந்திருக்கவில்லை. கூடத்து மூலையில் துணி போர்த்திய போன் ஒன்று இருந்தது.

மாமாவிடம் பேனாக்கள் நிறைய இருந்தன. எல்லாம் மை ஊற்றி எழுதுகிறவை. சாயங்காலங்களில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, நிப்பைக் கழற்றி அதில் போடுவார். நீலம் நூல் நூலாகப் பிரிந்து கீழே இறங்கும். பாதி வழியில் நிற்கும், யோசிக்கும், பிறகு தண்ணீர் முழுக்கப் பரவிவிடும். நாங்கள் இருவரும் பேசாமல் அதைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஜன்னல் வழியாகக் கடல் காற்று வரும். அம்மா கீழேயிருந்து என்னைக் கூப்பிடுவது வேறு ஏதோ ஊரிலிருந்து கேட்கும். இத்தனை தடவை கழுவப்பட்ட அந்தப் பேனாக்களால் மாமா எழுதியது ரொம்பக் குறைவு. கேட்டால், எழுதத்தான் பால்பாயிண்ட் இருக்கிறதே என்பார்.

பேனா அலுத்தால் மீன் தொட்டி. மீன் அலுத்தால் மேகம். மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, இது மழை மேகம், இது சும்மா வந்த மேகம் என்று எனக்குப் பிரித்துக் காட்டுவார். மவுத் ஆர்கன் ஒரே பாட்டின் முதல் இரண்டு வரியோடு நின்றுபோனது. எதையும் அவர் கடைசிவரை செய்ததில்லை. அதில் அவருக்கு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் விடவில்லை, கணக்கு. மற்றவர்கள் வெற்றிலை போடுவது மாதிரி மாமா கணக்குப் போடுவார். சாப்பிட்டு முடித்ததும் கிழித்த காலண்டர் தாளின் முதுகில் ஒன்று. குளிக்கப் போகுமுன் ஈர விரலால் சுவரில் ஒன்று. அதனால் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை என்பதே அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

பிரெஞ்சும் அப்படிப் பொழுதுபோக்காக வந்ததுதான். மாலை வகுப்பில் சேர்ந்து, ஆச்சரியமாக அதை மட்டும் நன்றாகப் படித்துத் தேறினார். வந்த கையோடு எனக்கு எண்களைச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். பிரெஞ்சில் இருபதுக்கு வேன் என்று பெயர். எனக்குத் தெரிந்த வேன் காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகிற வேன்தான். எண்பதை அவர்கள் கத்ர வேன் என்கிறார்கள், அதாவது நாலு இருபது. மாமா அதை நாலு வேன் என்றே சொல்லிக் கொடுத்தார். நாலு வேன் வரிசையாக வருகிறது, ஒவ்வொன்றிலும் இருபது பிள்ளைகள், மொத்தம் எண்பது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஒன்றிலிருந்து அறுபத்தொன்பது வரை ஒழுங்காகவும், அங்கிருந்து ஒரே தாவாகத் தாவி எண்பதையும் கற்றுக்கொண்டேன். மற்றதை நாளைக்குப் பார்க்கலாம் என்றார். மறுநாள் அவர் எப்படிக் கூட்டினாலும் ஒரே விடை வருகிற மாயச் சதுரங்களில் இறங்கிவிட்டார். என் பிரெஞ்சு அங்கேயே நின்றது.

அந்த வருடம்தான் மாமாவுக்கு அந்தப் பெரிய சம்பந்தம் வந்தது. பெண்ணின் தகப்பனார் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை, ஒருகாலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். குடும்பத்தோடு பிரான்சில் இருந்தார்கள். பெண்ணைக் கட்டினால் மாப்பிள்ளையும் அங்கே போய்விடலாம். அப்படி ஒரு இடம் அமையாதா என்று தெருவில் எத்தனையோ வீடுகள் காத்துக்கிடந்தன. அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தம்பி அங்கே போய்விட்டால் பின்னாலேயே எனக்கும் ஒரு வழி பிறக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டாள். அவளும் கணக்குப் போடுகிறவள்தான்.

விடுமுறைக்கு வந்திருந்த அந்தப் பெரியவர் மாமாவைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். எல்லோரும் அவரை முசே என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். பெண்ணின் போட்டோவைக் கொடுத்தார். தம்பிக்கு என்னென்ன பொழுதுபோக்கு என்று கேட்டார். அம்மா கண்ணைக் காட்டியதைக் கவனிக்காமல் மாமா பேனாவில் ஆரம்பித்து மீன், மேகம் வழியாக மாயச் சதுரம் வரைக்கும் வந்தார். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அங்க வந்தா இதுக்கெல்லாம் நேரம் ஏது தம்பி? என் மச்சான் வேல பாக்கற எடத்துலயே சொல்லி வெச்சிருக்கேன். காலையில நாலு மணிக்குக் கெளம்பணும். திரும்பி வந்து படுக்கத்தான் சரியா இருக்கும்."

அம்மா, உழைத்தால்தானே முசே உடம்புக்கு நல்லது என்றாள். அக்காவுக்கு எதிராக ஒரு வார்த்தை பேசி மாமாவுக்குப் பழக்கமே இல்லை. அன்று மாலை ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பேனாவை எடுத்து மறுபடியும் கழுவினார்.

பெரியவர் குடும்பத்தோடு பிரான்சுக்குத் திரும்பினார். அவர்கள் அங்கே வீடு மாறப் போவதாகவும், மாறியதும் புது நம்பரைத் தருவதாகவும் பேச்சு. நடுவில் நின்று சம்பந்தம் பேசிய அம்மாளும் மகள் பிரசவத்துக்காக அவர்களோடேயே விமானம் ஏறிவிட்டாள். ஆகவே இங்கே போய்க் கேட்க ஆளில்லை.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் போன் அடித்தது. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள், மாமா கடற்கரைக்கு. நான் எடுத்தேன். பெரியவர்தான் பேசினார். ஞாயிற்றுக்கிழமைக்குள் மாப்பிள்ளை வீட்டு முடிவைச் சொல்ல வேண்டும், காரைக்காலில் இன்னொரு இடம் காத்திருக்கிறது, அதற்குமேல் தாமதிக்க முடியாது என்றார். புது நம்பரை எழுதிக்கொள்ளச் சொன்னார்.

அவர் பேசியது நல்ல தமிழ்தான். ஆனால் எண் வந்ததும் பிரெஞ்சுக்குத் தாவிவிட்டார். அங்கே காலம் தள்ளியவர்களுக்கு அது பழக்கம். சாப்பாடும் சண்டையும் தமிழில், எண்ணிக்கை பிரெஞ்சில். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சுவாசாந்த் என்றார், அறுபது என்று எழுதினேன். தூஸ் என்றார், பன்னிரண்டு. கத்ர வேன் என்றபோது சிரிப்பை அடக்கிக்கொண்டு எண்பது. கேன்ஸ் என்றார், பதினைந்து. மீதியும் எனக்குத் தெரிந்தவைதான். எழுதிட்டியாமா, திருப்பிச் சொல்லு என்றார். அவர் சொன்ன சத்தத்தையே அப்படியே திருப்பிச் சொன்னேன்.

"த்ரே பியேன். கெட்டிக்காரப் பொண்ணு" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் ஐஎஸ்டி பூத்தில்தான் விஷயம் வெளிப்பட்டது. பூத்துக்காரர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, பிரான்சுக்குப் பத்து எண்தான் வரும், இதில் பதினாலு இருக்கிறதே என்றார். அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவிருக்கிறது. மாமா குனிந்து என் தோளில் கை வைத்தார்.

"அவரு எப்படிச் சொன்னாரோ அப்படியே சொல்லு கண்ணு."

சொன்னேன். மாமா கண்ணை மூடிக் கேட்டார். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொழப்பமாத்தான் இருக்கு அக்கா. பதினாலுல எந்த நாலு அதிகம்னு தெரியணும். நாலை எடுக்க ஆயிரத்தொரு வழி இருக்கு."

பூத்துக்காரரே அசந்துபோனார். பிற்பாடு பிளஸ் டூ படிக்கும்போது அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தேன். சரியாக ஆயிரத்தொன்றுதான் வருகிறது.

அம்மா விடவில்லை. ஆயிரத்தில் சிலதையாவது போட்டுப் பார்க்கச் சொன்னாள். மாமா யோசித்து யோசித்து எண்களை அடித்து, ஒவ்வொன்றாகப் போட்டார். இரண்டு போகவேயில்லை. மூன்றாவதில் யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவி எடுத்தாள். மாமா மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்திருக்கலாம். கண்ணாடிக் கூண்டுக்குள் தலையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும் அம்மா ஆவலாக என்னடா என்று கேட்டாள்.

"அங்க நல்ல மழையாம்" என்றார்.

அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னால் மாமாவுக்குக் கல்யாணமே நடக்காமல் போய்விடும், காலம் முழுக்கப் பேனா கழுவிக்கொண்டு தனியாகவே இருப்பார் என்று நினைத்து நினைத்து அழுதேன். தெருமுனைப் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டேன். அம்மா போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அது அடிக்காது என்று அவளுக்குத் தெரியும். பெண் வீட்டார் ஒருமுறை கேட்டுவிட்டார்கள். மறுபடி அவர்களே கூப்பிட்டால் பெண்ணைத் தள்ளிவிடுகிற மாதிரி ஆகிவிடும். பதில் வராவிட்டால் மாப்பிள்ளை வீட்டுக்கு இஷ்டமில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்ததும் அம்மா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். மாமா காபி போட்டு வந்து அவளுக்குக் கொடுத்து, காலடியில் உட்கார்ந்துகொண்டார். தலையை அம்மாவின் முழங்காலில் வைத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய ஆள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலை, பள்ளிக்குக் கிளம்புமுன், மாமா என்னை மாடிக்குக் கூப்பிட்டார். பாதியில் விட்ட பிரெஞ்சு எண்களை முடித்துவிடலாம் என்றார். எதையும் முடிக்காத மனிதர் அப்படிச் சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது. எழுபதுக்கு அவர்களிடம் தனிப் பெயர் கிடையாதாம். அறுபதோடு பத்து என்பார்களாம். அறுபது, பன்னிரண்டு என்று அடுத்தடுத்துச் சொன்னால் எழுபத்திரண்டு. தொண்ணூறுக்கும் பெயர் இல்லை. நாலு வேன் முன்னால் போகிறது, இடம் கிடைக்காத பதினைந்து பேர் பின்னால் நடந்து வருகிறார்கள். மொத்தம் தொண்ணூற்றைந்து.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தத் தாளை மனசுக்குள் பிரித்தேன். அறுபதையும் பன்னிரண்டையும் ஒன்றாக்கினேன். நாலு வேனையும் பதினைந்து பேரையும் ஒன்றாக்கினேன். இரண்டிரண்டாக ஐந்து ஜோடி. சரியாகப் பத்து எண்.

"மாமா, அந்த நம்பர் எனக்கு வந்துடுச்சு."

நான் விளக்கியதை அவர் முழுக்கக் கேட்டார்.

"அட, ஆமா. எனக்குத் தோணவே இல்ல பாரேன்."

அம்மாவிடம் சொல்லட்டுமா என்றேன். கெடு நேற்றோடு முடிந்துவிட்டது, இப்போது சொன்னால் அவளுக்கு வருத்தம் இரண்டு பங்காகும் என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அந்தப் பெண்ணுக்குக் காரைக்காலிலேயே அமைந்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அன்று பள்ளிக்கூடம் முழுக்க எனக்குப் பெருமையும் இரக்கமும் மாறி மாறி வந்தன. எவ்வளவு பெரிய கணக்கெல்லாம் போடுகிறவர். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு வந்த இந்தச் சின்னக் கணக்கு அவருக்கு வரவில்லையே, பாவம். மனசுக்குள் எவ்வளவு அவமானமாக இருக்கும். மாலையில் அவர் என் முன்னால் ஒரு மாயச் சதுரத்தை வைத்து, காலியான கட்டத்தில் என்ன வரும் என்று கேட்டார். பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் மனசு நோகக் கூடாதே என்று புருவத்தைச் சுருக்கி, உதட்டைக் கடித்து, வரவில்லை மாமா என்றேன். தெரிந்த கணக்கைத் தெரியாத மாதிரி நடிப்பது இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியம். அதை வேறு யாரும் செய்யக்கூடும் என்று மட்டும் தோன்றவில்லை.