திரிந்த பால் விற்ற கடை

பாகூர் மேரியின் கதவைத் திறக்க வந்த காவலாள் ஒரு நாள் காலை திரும்பி என்னிடம் ஓடி வந்தான். வாசல் நிறையப் பெண்கள், கையில் காலிச் செம்புகள் என்றான். மேரி என்றதும் இளைஞர்கள் மாதா கோயிலை நினைத்துக்கொள்ள வேண்டாம். பிரெஞ்சுக்காரன் காலத்தில் கொம்யூன், அதாவது ஊராட்சி, அலுவலகத்துக்கு அதுதான் பெயர். அதன் தலைவர் மேர். மேர் தேர்தலுக்குத் தேர்தல் மாறுவார். எந்தக் காகிதம் எந்தக் கட்டில் போக வேண்டும் என்று தெரிந்த செக்ரெத்தேர், அதாவது செயலாளர், மாற மாட்டான். அந்த மாறாத ஆள் நான்.

வந்தவர்கள் செலியமேட்டுப் பால்காரப் பெண்கள். முன்னால் நின்றவள் அஞ்சலை. அவளுடைய குரல் கேட்டு வரப்பில் போகிற மாடு நிற்கும்.

"மனு கொடுக்க வந்தீர்களா, ஊர்வலமா?" என்று கேட்டேன். மனு என்றால் முத்திரைத்தாள் வேண்டும். ஊர்வலம் என்றால் முன் அனுமதி வேண்டும்.

"ரெண்டும் இல்லீங்கய்யா. சண்டைக்கி வந்துகீறம்."

அதற்கு விதி எதுவும் இல்லாததால் உள்ளே வரச் சொன்னேன்.

கடையின் வரலாறு

சண்டை மரியசூசையின் கடை பற்றியது. மரியசூசை புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு நீதிபதியிடம் சமையல்காரராக இருந்தவர். நீதிபதி ஓய்வு பெற்றதும் வயிற்றை மகிழ்விப்பதற்காகவே இத்தாலி முழுக்கச் சுற்றினார். மரியசூசையையும் கூட்டிப் போனார். ஜெனோவா, பார்மா, நாப்போலி என்று துரை சாப்பாட்டு மேசைகளில் இத்தாலியைப் பார்த்தார். இவர் அதே இத்தாலியை அடுப்படிகளில் பார்த்தார். எவர் அதிகம் பார்த்தார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

துரை காலமான பிறகு மரியசூசை ஊர் திரும்பி, பாகூரில் ஒரு எப்பிஸ்ரி, அதாவது உணவுப் பொருள் கடை திறந்தார். பச்சையாக மினுங்கும் ஒலிவ எண்ணெய், பாய் ஊசி போல நீண்ட மக்கரோனி, எண்ணெயில் முக்கிய உப்பு நெத்திலி. "இந்த நெத்திலிய நம்ம ஊர்ல கருவாடுன்னு சொன்னா ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான். டின்னுல போட்டா துரைங்க தேடி வராங்க" என்பார். புதுச்சேரித் துறைமுகத்தில் அப்போது வெளிநாட்டுச் சரக்குக்குச் சுங்கம் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் கடலூர் இங்கிலீஷ் துரைகள் இதற்காகவே காரில் வந்தார்கள். இத்தாலியை விற்கப் பாகூரைப் பிடித்ததன் கணக்கு இதுதான்.

ஆனால் கப்பலில் வந்த பாலாடைக் கட்டி நம் வெயிலில் உருகி ஒழுகியது. மரியசூசை அதை இங்கேயே செய்யத் தொடங்கினார். செலியமேட்டுப் பால் வந்தது. பின்கட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ செய்தார். சில வாரம் கழித்து வெள்ளை உருண்டைகள் வெளியே வந்தன. துரைகள் மற்றதை விட்டுவிட்டு இதற்கே வரலானார்கள். கடை நிமிர்ந்து நின்றது இந்த உருண்டையின் மேல்தான். பால் நின்றால் கடையும் நிற்கும்.

தண்டோரா

புதிய சரக்கை ஊருக்கு அறிவிக்க ஆசைப்பட்டு மரியசூசை தண்டோராக் கோவிந்தனைப் பிடித்தார். பாலாடைக் கட்டிக்குப் பிரெஞ்சில் உள்ள பெயரையே, 'ஃபுரொமாழ்' என்று சொல்லச் சொன்னார். கோவிந்தனின் வாயில் அது நுழையவில்லை. அது என்ன பொருள் என்று விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஊருக்குப் புரியும்படி தமிழில் பறையறைந்தான்:

"இதனால் சகலருக்கும் தெரிவிக்கிறது இன்னான்னா, செலியமேட்டு நல்ல பால வாங்கி, திரிய வச்சி, சூச கடைல விக்கிறாங்கோ!"

தயிருக்குப் பால் உறையும். அது லட்சுமி. பால் திரிந்தால் அது அபசகுனம். பெண் பார்க்க வந்த அன்று பால் திரிந்தால் சம்பந்தமே நின்றுபோகிற ஊர் இது. எங்கள் பாலைக் காசு கொடுத்து வாங்கி வேண்டுமென்றே திரிய வைக்கிறானா என்று செலியமேட்டுப் பெண்கள் கொதித்தார்கள். அந்த வாரம் பார்த்து அஞ்சலையின் மாடு கறவை வற்றியது. அது சினை மாடு, வற்ற வேண்டிய காலம். ஆனாலும் காரணம் கையில் இருக்கும்போது வேறு காரணம் யார் தேடுவார்?

போதாததற்கு, பிரான்சில் சிப்பாயாக இருந்து திரும்பிய குருவிநத்தத்துக்காரர் ஒருவர் இன்னொன்றைச் சொல்லிவிட்டார். அங்கே கன்றுக்குட்டியின் குடலைப் போட்டுத்தான் பாலை முறிப்பார்களாம். அது உண்மை. அதனால்தான் அது வதந்தியை விட வேகமாகப் பரவியது.

"எங்க கன்னுக்குட்டி குடிக்க வேண்டிய பால வாங்கி, கன்னுக்குட்டி கொடலயே போட்டுத் திரிக்கிறானா? இன்னா நாயம் இது? இனிமே அந்தக் கடைக்கி ஒரு சொட்டுப் பால் ஊத்த மாட்டம்" என்றாள் அஞ்சலை.

நியாயமான கேள்விதான். மரியசூசையை வரவழைத்துக் கேட்டேன்.

"குடல் இல்லீங்க" என்றார்.

"வேறு என்ன?"

"அத்தச் சொன்னா என் தொழில் போச்சிங்க."

மேர் பெரிய நிலக்காரர். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. என் காதருகே குனிந்து, "எந்த விதியிலயாவது கடைய மூடிடேன்" என்றார். பாலைத் திரிய வைப்பதைத் தடுக்கும் விதி பிரெஞ்சுச் சட்டத்தில் இல்லை என்றேன். கெட்டுப்போன உணவை விற்றால் மூடலாம். அதற்கு நேரில் ஆய்வு செய்ய வேண்டும். ஆய்வு புகார்தாரர் முன்னிலையில் நடக்க வேண்டும். "ஏதாவது பண்ணு. ஆனா வாசல்ல கூட்டம் இருக்கக் கூடாது" என்றார் மேர். இதற்குத்தான் மேர் என்று பெயர்.

ஆய்வு

கடைக்குப் போனோம். ஆய்வுக்கு வருபவர் பொருளைச் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. சர்க்காருக்காக நான் செய்த தியாகங்களில் இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு வாயில் போட்டேன். முதலில் மோர்மிளகாயின் உப்பு. பிறகு நெய் காய்ச்சிய சட்டியின் அடிக்கசண்டு மணம். விழுங்கின பிறகும் நாக்கு அதைத் தேடியது. கெடவில்லை என்று எழுதலாம். ஆனால் அப்படி எழுதினால் கடைக்கு அனுமதி கிடைக்குமே தவிர, பால் கிடைக்காது.

அதை மரியசூசையிடம் தெளிவாகவே சொன்னேன். அவர் அஞ்சலையைப் பார்த்தார். வாசலில் அடுக்கியிருந்த காலிச் செம்புகளைப் பார்த்தார். பின்கட்டுக் கதவைத் திறந்தார்.

"வாங்க எல்லாரும். வந்து பாருங்க."

உள்ளே குடலும் இல்லை, குடுவையும் இல்லை. மூலையில் அத்திக் கிளைகள் ஒரு கட்டு. முந்தின நாள் மிச்சமிருந்த பாலை இளஞ்சூடாக்கி, அதில் ஒடித்த கிளை ஒன்றை விட்டு மெல்லக் கலக்கினார். கிளை ஒடித்த இடத்திலிருந்து வெள்ளையாகப் பால் கசிந்தது. நாப்போலிக்குத் தெற்கே ஆடு மேய்க்கிறவர்கள் இப்படிச் செய்வதைப் பார்த்தாராம். அங்கே சீமை அத்தி. இங்கே வாய்க்கால் கரை நாட்டு அத்தி. கைக்கு அளவு பிடிபடுவதற்குள் எத்தனையோ பானைப் பாலைக் கொட்டியிருக்கிறார்.

பெண்கள் பானையைச் சுற்றிக் குந்தினார்கள். கொஞ்ச நேரத்தில் பால் கட்டியாக நின்றது. அஞ்சலை விரலால் தொட்டாள், அசைந்தது. விரலைச் சப்பினாள்.

"அத்தி மரமா? எங்க வூட்டுக் கொல்லிலயே கீதே!" என்றாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அப்ப இத்த நானே பண்ணிக்கிறன். நீ எதுக்கு?"

மரியசூசை பயந்தது இந்தக் கேள்விக்குத்தான். பெண்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். புகார் முடிந்தது. பாலும் முடிந்தது.

கசப்பு

செலியமேட்டில் அத்தி மரங்கள் மொட்டையாகின்றன என்று செய்தி வந்தது. கடையில் உருண்டைகள் தீர்ந்தன. கடலூர்க் கார் ஒன்று வந்து நின்று, வெறுமே திரும்பிப் போனது. மரியசூசை நெத்திலி டின்களைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். விசாரிக்கப் போன நான் அங்கே இருந்தபோதுதான் அஞ்சலை வந்தாள். முந்தானையில் முடிந்திருந்த ஒரு வெள்ளைக் கட்டியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"தின்னு பாரு."

மரியசூசை கிள்ளி வாயில் போட்டார். முகம் மாறவில்லை. துரைகளிடம் வேலை பார்த்தவர் அல்லவா?

"கசக்குதா?" என்றாள்.

"வேப்பங்காய் தோத்துது. அத்திப்பால் ஏறிப்போச்சி."

"எல்லாருக்கும் இதே கதிதான். என் வூட்டு நாயி மோந்து பாத்துட்டு என்னயே மொறைக்கிது. எத்தினி சொட்டு வுடணும்?"

"சொட்டுக் கணக்கு இல்ல அஞ்சலம்மா. பாலு நாளைக்கி ஒரு மாதிரி. மாடு இன்னா மேஞ்சிதோ அதுக்குத் தக்கன மாறும். சொன்னா வராது, நின்னு பாத்தாத்தான் வரும்."

"நின்னு பாத்தா நா கத்துக்குவன்."

"கத்துக்கோ."

"நா கத்துக்கிட்டா உன் கட இன்னா ஆவறது?"

மரியசூசை அந்தக் கசப்புக் கட்டியை ஓரமாக நகர்த்தினார். "தொரைங்க கேக்குறதுல பாதிகூட என் ஒரு கையால ஆவறதில்ல. பால மட்டும் எனக்கே ஊத்து. கூட நின்னு செய்யி, விக்கிறதுல பங்கு தரன்" என்றார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஐயா, இதுக்குத் தாளு கீளு எதனா எழுதணுமா?"

எழுத வேண்டும். அதற்கு மூன்று பிரதிகள் உண்டு. வேண்டாம் என்றேன்.

இளைய குமாஸ்தாக்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். மேரிக்கு வந்த புகார்களில் பாதி உண்மையில் புகார் அல்ல, கேள்வி. ஒருவன் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்கிறான் என்று தெரியாததால் வரும் கோபம் அது. நாம் அதற்கு விதி எண் போட்டு, விசாரணை வைத்து, தீர்ப்பு எழுதி, கேள்வியை அப்படியே விட்டுவிடுகிறோம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, யார் மேல் புகார் என்று கேட்பதற்கு முன்பு உனக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்கத் தொடங்கினேன். படிவத்தில் அந்தக் கேள்விக்குக் கட்டம் கிடையாது. ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம்.

மறுநாள் முதல் பால் வந்தது. ஊற்றிய பெண்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பின்கட்டில் பானையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, சூடு போதாது, கிளை முற்றல், அதோ ஓரத்தில் கட்டுகிறது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மக்கரோனியை எடுத்து ஒடித்துப் பார்த்தார்கள். ஒலிவ எண்ணெயைத் தலையில் தடவிப் பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்து மரியசூசை மேரிக்கு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஐயா, கடக்குள்ள கூட்டம் கூடாம இருக்க விதி எதனா கீதுங்களா?"

இருந்தது. இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.