நான் கரையேற்றிய பல்லி

தொட்டியின் மூடி தானாகத் திறக்கவில்லை. திறந்தவள் நான். அந்தப் பெண் நியூட், பல்லி போன்ற அந்தச் சின்னப் பிராணி, போனது என்னால்தான்.

நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். எனக்கே சில நேரம் சிரிப்பு வருகிறது...

போன வருடம், எழுபத்து நாலில், மெல்பேர்னில் மகள் வீட்டுக்கு வந்த புதிது. மருமகன் பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிப்பவர். வளர்ப்பு மீன் விற்கும் கடையில் ஒரு சோடி நியூட் வாங்கி வந்து கண்ணாடித் தொட்டியில் விட்டார். மருமகனுக்கு முன்னால் நின்று பேசும் வழக்கம் எனக்கில்லை. அடுப்படியில், குசினிக் கதவுக்குப் பின்னால் நிற்பேன். அவரும் மகளிடம்தான் சொல்லுவார்.

"மாமியிட்டச் சொல்லும், அது ஒரு மாதிரிப் பல்லி எண்டு. கவனமாப் பாக்கட்டாம்."

"அவவுக்குக் கேட்டிட்டுது. கதவுக்குப் பின்னாலதான் நிக்கிறா," என்றாள் மகள்.

பல்லி... அந்தச் சொல்தான் வினையாயிற்று.

மறுநாள் வீட்டில் நான் தனியே. ஒன்று கல்லின் மேல் இருந்தது. மற்றது தண்ணீருக்கு அடியில் அசையாமல் கிடந்தது. பல்லி மூழ்கிச் சாகிறதே! சும்மா பார்த்துக்கொண்டு நின்றால் பாவமல்லவா? அகப்பையால் அள்ளி எடுத்தேன். சேலைத் தலைப்பால் ஈரம் துடைத்து, வெயில் விழும் ஜன்னலடியில் விட்டேன். வாலை ஆட்டியது. உயிர் கொடுத்துவிட்டேன் என்று எவ்வளவு மகிழ்ந்தேன், தெரியுமா? உடுப்புக் காயப்போட்டு வந்து பார்த்தால் காணவில்லை. சுவரேறிப் போயிருக்கும், பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

மாலையில் மருமகன் கட்டிலுக்கடியில் ஊர்ந்து தேடினார்.

"பல்லிதானே, வரும்," என்றாள் மகள்.

"பல்லியில்லையப்பா, தவளைக்குச் சொந்தம். ஈரமில்லாட்டிக் காஞ்சு செத்துப்போகும். இந்த இனம் யப்பானுக்குத் தெற்கால சில தீவுகளிலதான் இருக்கு. அங்க ஈர வயலுகளை மூடி ரோட்டுப் போடுறாங்கள், மிச்சத்தைப் பிடிச்சு விக்கிறாங்கள். இவள் வயித்தில முட்டையோட இருந்தவள். நான்தான் மூடியை ஒழுங்கா மூடேல்ல."

அப்போதே சொல்லியிருக்கலாம். வெட்கம் என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிவந்தேன். வெட்கமா அது? பயம்...

தனித்துப்போன ஆணுக்கு நான் தினமும் தோட்டத்தில் மண்புழு தோண்டிக் கொடுக்கிறேன். என்னைக் கண்டால் கண்ணாடிக்குக் கிட்ட வரும், கள்ளன். மருமகன் அதற்கு ஒரு சோடி தேடிக் கடை கடையாக ஏறி இறங்குகிறார். இப்போது கடைகளுக்கு நியூட் வருவதில்லையாம்.

வீட்டுக்கு வருகிறவர்களிடம், "நான் மறந்தாலும் மாமி இவனுக்குச் சாப்பாடு குடுக்க மறக்கமாட்டா," என்கிறார்.

"அன்ரிக்கு நல்ல மனம்," என்கிறார்கள் அவர்கள்.

நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். அதை அடக்கம் என்று நினைக்கிறார்கள்.