தட்டில் ஒட்டிய பருக்கை

அப்பமும் முட்டைக்கறியும் வைத்துக் கொடுத்த தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த அம்மா அடுக்களைக்கே வந்துவிட்டார். கோழிக்கோட்டிலிருந்து குடும்பத்தோடு வந்து எங்கள் மாடி ரூமில் தங்கியிருந்தவர். அவர் கோபப்படவில்லை. தட்டின் விளிம்பைக் காட்டி, "சேச்சி, இது இன்னலத்தேதல்லே?" என்று மெதுவாகக் கேட்டார்.

நேற்றையதுதான். நேற்று ராத்திரிச் சோற்றின் பருக்கை ஒன்று கல்லாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. அதன் பக்கத்தில் தேங்காய்த் துருவல் பொடிப்பொடியாக. பாத்திரம் கழுவும் மிஷினில் போட்டு எடுத்த தட்டு அது.

நான் வேறு தட்டு கொடுத்தேன். அவர் அதையும் ஒருமுறை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுபோனார்.

சித்திரபுரத்தில் எங்கள் வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கி வெகுநாளாகிறது. என் வீட்டுக்காரருக்கு எஸ்டேட் வேலை முடிந்ததும், எஸ்டேட்டில் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. சேர்த்ததையெல்லாம் போட்டுக் கட்டிய வீடு இது. கீழே நாங்கள், மாடியில் விருந்தாளிகள். அவர் ஜீப் ஓட்டுவார், நான் சமைப்பேன், பாத்திரம் கழுவுவேன். அந்தக் கழுவல்தான் என் கையைத் தின்றது. முதலில் விரலிடுக்கில் அரிப்பு. பிறகு தோல் காய்ந்து, கோடுகோடாக வெடித்து, உப்பு பட்டால் உயிர் போகும். ரப்பர் கையுறை போட்டால் உள்ளே வேர்த்து இன்னும் மோசமானது. தேனியில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மருந்து நான் தருவேன். ஆனா சோப்புத் தண்ணியில கை வச்சீங்கன்னா எந்த மருந்தும் கேக்காது" என்றார்.

அதற்காகத்தான் அந்த டிஷ்வாஷர் வந்தது. ஆனச்சால் பக்கம் மூடிப்போன ஒரு ரிசார்ட்டில் சாமான்களை விற்றபோது அவர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார். அப்போதே பழசு. கதவில் எழுதியிருந்ததெல்லாம் அழிந்திருந்தது. பின்பக்கச் சாய்ப்பில் வைத்துக் குழாய் இணைத்தோம். அது ஓடிய முதல் நாள் நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். கொஞ்சநாளில் கை ஆறியது. மோதிரம் கூடப் போட்டேன்.

அடுத்து வந்த மழைக்காலத்தில்தான் எல்லாம் கெட்டது. டம்ளரின் அடியில் மணல் மாதிரி ஏதோ படிந்தது. தொட்டுப் பார்த்தால் தேங்காய். பிறகு தட்டில் மாவு, கரண்டியின் குழியில் பருப்பு. அடியிலிருக்கும் வடிகட்டியைக் கழற்றினேன். கொழகொழவென்று அழுக்கு. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துப் போட்டேன். இரண்டொரு நாள் பரவாயில்லை போல இருந்தது, பிறகு பழையபடிதான். சோப்புப் பொடியைக் கூட்டினேன். தட்டெல்லாம் வெள்ளை பூத்து, அதன் மேல் பருக்கை. எலுமிச்சை ஊற்றினேன், வினிகர் ஊற்றினேன். பாத்திரங்களைத் தள்ளித்தள்ளி அடுக்கினேன். கம்பெனிக்குப் போன் செய்தால், அந்த மாடலே இப்போது இல்லை என்றார்கள். அடிமாலியிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தோம். கதவைத் திறந்தார், மூடினார், ஓடவிட்டுக் காது வைத்துக் கேட்டார். "மோட்டாருக்குச் சக்தி போயிருச்சு. இதுக்குப் பார்ட்ஸ் கிடைக்காது. வேற வாங்கிருங்க" என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார்.

வேறு வாங்குகிற நிலையில் நாங்கள் இல்லை. கழுவிக் கொடுக்க ஆளும் கிடைக்கவில்லை. ஒரு பெண் வந்து சில நாள் செய்தாள். ரிசார்ட்டில் இடம் கிடைத்ததும் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

அதற்குள் யாரோ ஒரு விருந்தாளி எங்கள் கரண்டியைப் போட்டோ எடுத்து நெட்டில் போட்டுவிட்டார். பருப்பு ஒட்டிய கரண்டி. கீழே ஒரே வரி: இங்கே சாப்பிடாதீர்கள். என் வீட்டுக்காரர்தான் போனில் காட்டினார். நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கரண்டிதான், காம்பில் சின்ன நெளிவு இருக்கும். அந்த வாரத்திலேயே புக்கிங் ஒவ்வொன்றாகக் கழன்றது.

"பேசாம ரூமைப் பூட்டிருவமா?" என்று கேட்டார்.

"பூட்டிட்டு?"

"போடியில அண்ணன் வீட்டுப் பக்கம் போயி..."

"போயி என்ன செய்வீங்க?"

அவர் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். "கையால கழுவுன காலத்துல ஒருத்தரும் ஒரு குத்தம் சொன்னதில்ல" என்றார். சொன்ன பிறகுதான் என் கையைப் பார்த்தார். எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் ஒரு புதுமணத் தம்பதி வந்தார்கள். மிச்சமிருந்த ஒரே புக்கிங் அது. அவர் ஜீப்பில் அவர்களைச் சுற்றிக்காட்டக் கூட்டிப்போனதும், அலமாரியிலிருந்த தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் இறக்கித் தொட்டியில் போட்டுக் கையாலேயே கழுவினேன். பாதியிலேயே, ஆறியிருந்த வெடிப்பெல்லாம் வாய் திறந்துகொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தேன். ஒரு பருக்கை இல்லை, எல்லாம் பளிச்சென்று இருந்தன.

மத்தியானம் அவர்கள் திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அந்தப் பெண் தட்டைக் கொஞ்சம் சாய்த்து, "ஆன்ட்டி, இது என்ன?" என்றாள்.

வெள்ளைத் தட்டின் ஓரத்தில் சிவப்பாக ஒரு இழுப்பு. அடுக்கும்போது விரலிலிருந்து பட்டிருக்கிறது.

"பீட்ரூட்டும்மா" என்றேன்.

அன்றைக்குப் பீட்ரூட் சமைக்கவில்லை. மேஜையில் சாம்பாரும் கோவைக்காய்ப் பொரியலும்தான் இருந்தன. அவள் என் கையைப் பார்த்தாள். நான் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். அவர்கள் சோற்றைக் கிளறிவிட்டு எழுந்தார்கள். சாயங்காலமே, அவசர வேலை என்று சொல்லி ரூமைக் காலி செய்தார்கள். அவள் போகும்போது என்னிடம் ஒரு களிம்பு ட்யூப் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. கதவைச் சாத்திவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இனி இந்த வீட்டில் எனக்கு என்ன வேலை இருக்கிறது என்று நினைத்தேன். சமைக்கலாம், ஆனால் போட்டுக் கொடுக்கத் தட்டில்லை. கழுவலாம், ஆனால் கழுவினால் ரத்தம். அன்று ராத்திரிக்கு உலை வைக்கவில்லை.

அடுத்த நாள் நல்ல மழை. அவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு சவாரி ஏதாவது கிடைக்குமா என்று ஜங்ஷனுக்குப் போய்விட்டார். தேயிலைக் கொழுந்தெடுக்க முடியாத மழை என்பதால் அவருடைய தங்கை வந்தாள். பக்கத்து எஸ்டேட்டில் வேலை பார்ப்பவள். வந்ததும் வராததுமாக, "கையக் காட்டுங்க மதினி" என்றாள். காட்டினேன். பார்த்துவிட்டுத் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டாள், நான் அந்தப் பக்கம் வரக்கூடாது என்பது போல.

"இந்த மிஷினை இன்னைக்குக் கடைசியாப் பாத்துருவோம்" என்றேன். "சரியாகலைன்னா காயலான் கடைக்குப் போட்ருவோம். நானும் கூடப் போயிர்றேன்."

"என்ன பேச்சு மதினி இது."

மிஷினின் மேல் அடுக்கில் ஒரு டம்ளரை நிமிர்த்தி வைத்து ஓடவிட்டேன். பாதியில் நிறுத்திக் கதவைத் திறந்தால், டம்ளரில் ஒரு சொட்டு இல்லை. மேலே தண்ணீரே ஏறவில்லை. விசிறி இறக்கை மாதிரி சுழன்று தண்ணீர் பீய்ச்சும் குழாய் ஒன்று உள்ளே உண்டு. அதன் மரையைத் திருக என் விரலுக்கு வலுவில்லை. அவள் ஒரு துணியைச் சுற்றி ஒரே திருகில் கழற்றினாள். குலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம். ஊக்கால் ஒவ்வொரு துளையாகக் குத்தினோம். கடுகு வந்தது, எலுமிச்சை விதை வந்தது, கறிவேப்பிலைக் காம்பு வந்தது. உடைந்த பல்குத்தி ஒன்று. தேங்காய் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

மாட்டி மறுபடி ஓடவிட்டோம். டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் விழுந்திருந்தது. ஆனால் தட்டில் பருக்கை அப்படியேதான் இருந்தது. முக்காலியில் உட்கார்ந்து முகத்தைப் புறங்கையால் மூடிக்கொண்டேன். உள்ளங்கையால் துடைத்தால் கண்ணீரே எரியும்.

அவள் சும்மா இருக்காமல் மறுபடியும் பொத்தானை அமுக்கினாள். தண்ணீர் நிரம்புகிற சத்தம் கேட்டது. சத்தம் என்று சொல்ல முடியாது, ஈனமாக ஒரு சீறல். முகத்தை மூடியிருந்ததால்தான் அது எனக்குக் காதில் விழுந்தது என்று நினைக்கிறேன். புதிதில் இதற்குத் தண்ணீர் ஏறினால் சாய்ப்பே அதிரும்.

தண்ணீர் ஏறி முடிந்ததும், "நிப்பாட்டு" என்றேன்.

கதவைத் திறந்து பார்த்தோம். அடியில் இருக்கிற சூடாக்கும் கம்பி நனையக்கூட இல்லை. எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் மேலே ஓடையிலிருந்து பைப்பில் தானாக இறங்கி வருவது. மழையென்றால் செம்மண்ணும் கலந்துதான் வரும். அவருடைய ஸ்பேனரை எடுத்து மிஷினுக்குப் பின்னால் போகிற குழாயைக் கழற்றினோம். அது மாட்டும் வாயில் பத்துப்பைசா அகலத்துக்கு ஒரு கம்பிவலை. வலை கண்ணுக்கே தெரியவில்லை. செம்மண்ணும் பாசியும் சேர்ந்து களிமண் வில்லை மாதிரி அடைத்திருந்தது. மெக்கானிக் அந்தப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. நாங்களும்தான்.

அவள் அதை நகத்தால் சுரண்டிக் கழுவி மாட்டினாள். பொத்தானை அமுக்கியதும் குபுகுபுவென்று ஏறியது. முடிந்து கதவைத் திறக்கும்போது ஆவி முகத்தில் அடித்தது. தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். முட்டை ஒட்டியிருந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சுத்தம்.

"அப்ப காயலான் கடைக்குப் போகல" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாள் இந்த வில்லை மண்ணுக்காகவா என்று ஆத்திரம்தான் வந்தது. மூலையில் கிடந்த அந்தச் சேற்றைக் காலால் தள்ளிவிட்டேன்.

சாயங்காலம் அவர் வந்து ஒரு தட்டை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பழைய கொசுவலைத் துண்டு ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு, அந்த மழையிலேயே மேலே ஓடைக்கு ஏறிப் போய்ப் பைப்பின் வாயில் கட்டிவிட்டு வந்தார். அட்டைகள் ஏறிய காலோடு வாசலில் உட்கார்ந்து, அவற்றைக் கழற்ற உப்பு கேட்டார்.

அந்தப் போட்டோ இன்னும் நெட்டில்தான் இருக்கிறது. எடுக்க வழியில்லையாம். விருந்தாளிகள் பழையபடி வரவில்லை, விட்டு விட்டுத்தான் வருகிறார்கள். நாத்தனார் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து மிஷினில் அடுக்கித் தருகிறாள். கை ஆறிக்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். குழம்புச் சோற்றை விரலால் பிசைந்து சாப்பிட இன்னும் முடியவில்லை.