வெள்ளையனும் ஐந்தரை மணி பஸ்ஸும்

வெள்ளையனைக் கெடுத்தது என் அப்பா. வேறு யாரும் இல்லை. கூலண்ட் எண்ணெய் வாடையடிக்கும் சாம்பல் நிற யூனிஃபார்ம் சட்டையோடு ஐந்தரை மணி கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவார். வீட்டு வாசலுக்கு வந்ததும் இரண்டு கையாலும் நெஞ்சில் தட்டி "ஏறுடா ராசா" என்பார். ஒரு வயதுகூட ஆகாத, நிமிர்ந்து நின்றால் என்னைவிட உயரமான அந்த ராஜபாளையம் நாய் அவர் தோளில் முன்னங்கால்களைப் போட்டு முகத்தை நக்கும். அப்பா சிரிப்பார். எனக்கென்று டிபன் பாக்ஸில் கொண்டுவந்த கேண்டீன் வடை அதன் வாய்க்குப் போகும்.

இதில் என்ன தப்பு என்று கேட்பவர்களுக்கு, மாநில எல்லையோரத் தொழிற்பேட்டையை ஒட்டிய அன்றைய மத்திகிரியைத் தெரியாது. இரண்டாயிரங்களின் நடுவில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அதே கம்பெனி, அதே சட்டை, அதே வாடை. நாய்க்கு அத்தனை பேரும் அப்பாதான். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்து, ஆறு வீடுகள் ஒட்டி நிற்கும் "லைன் வீட்டில்" ஒன்றில் குடியிருந்துகொண்டு, ஊர்ப் பெருமைக்காக மடியில் வைத்துக் கொண்டுவந்த குட்டி அது. வளர்ந்தால் என்ன ஆகும் என்று அப்பா யோசிக்கவே இல்லை.

ஒரு நாள் அடுத்த வீட்டு மஞ்சுநாத் அண்ணன்மேல் பாய்ந்தது. அவர் விழுந்து, மணிக்கட்டு பிசகி, கட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்தார். மறுநாளே "ஓனரம்மா" வந்தார். அவர் வீட்டில் கன்னடம். எங்களிடம் இரண்டையும் கலந்து பேசுவார்.

"இது நாயா, குதிரையாம்மா? பேடா, எனக்கு இந்தத் தலைவலி வேணாம். ஒரு மாசம் டைம். தெருவுல நாலு பேர் நடுவுல இது அடங்கி நிக்கணும். இல்லன்னா நாய் போகணும், இல்ல நீங்க போகணும்."

அப்பா தலையாட்டினார். அடக்கும் வேலை எட்டாம் வகுப்பு படித்த என் தலையில் விழுந்தது. அடித்தேன், விளையாட்டு என்று நினைத்து இன்னும் குதித்தது. கத்தினேன், கூடச் சேர்ந்து குரைத்தது. ஒரு நாள் கோபத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு பேசாமல் நின்றுவிட்டேன். கொஞ்ச நேரம் முதுகைப் பிறாண்டிவிட்டு, முன்னால் சுற்றி வந்து உட்கார்ந்தது. ஒரு துண்டு ரஸ்க் கொடுத்தேன். நான் கண்டுபிடித்தது அவ்வளவுதான்: குதித்தால் நான் மரக்கட்டை, நாலு காலும் தரையில் இருந்தால் ரஸ்க்.

பிறகு தெருவுக்குக் கூட்டிப்போனேன். பஸ் நிற்கும் இடத்துக்கு நாலு விளக்குக் கம்பம் தள்ளி உட்காரவைத்தேன். வாரத்துக்கு ஒரு கம்பம் நெருங்கினேன். சாம்பல் சட்டைகள் இறங்கும்போது உடம்பெல்லாம் நடுங்கும், முனகும், ஆனால் உட்கார்ந்திருக்கும். டீக்கடையில் இருந்தவர்கள், "ஏம்மா, நீ நாயக் கூட்டிட்டுப் போறியா, நாய் உன்னக் கூட்டிட்டுப் போவுதா?" என்று கேட்டு அவர்களே சிரித்துக்கொள்வார்கள். நான் திரும்பிப் பார்க்கமாட்டேன். அப்பா கண்ணில் படாமல் சந்து வழியாக வீட்டுக்கு வந்தால், அவர் வாசலில் நெஞ்சைத் தட்டிக்கொண்டு நிற்பார். ஒரு நாள் பாடம் ஒரு நொடியில் போய்விடும்.

"அது உக்காந்த பெறகு கொஞ்சுங்கப்பா" என்று கெஞ்சினேன்.

"எட்டு மணி நேரம் மிஷின் முன்னாடி நின்னுட்டு வாரேன். இந்த வீட்ல என்னப் பாத்து சந்தோசப்படுறது அது ஒண்ணுதான். அதையும் நிப்பாட்டணுமா?"

அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்: "அப்ப நாங்க என்ன, ஒப்பாரியா வைக்கோம்?"

கெடு முடிகிற நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று காலையில் அப்பாவிடம் சொன்னேன்: "சாயங்காலம் ஓனரம்மா வந்து பாக்கப் போறாங்க. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் எங்களப் பாக்காத மாதிரி போயிருங்கப்பா." "சரி" என்றார்.

பஸ் வந்தது. இந்த முறை நாங்கள் படிக்கட்டுக்குப் பத்தடியில் இருந்தோம். முப்பது நாற்பது பேர் கடந்து போனார்கள். கட்டுப் பிரித்து அன்றுதான் வேலைக்குப் போய்வந்த மஞ்சுநாத் அண்ணனும் இறங்கி, பயந்துகொண்டே எங்கள் பக்கம் வந்து நின்றார். வெள்ளையன் அசையவில்லை; வால் மட்டும் மண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தது. "பரவாயில்லையே" என்றார் ஓனரம்மா. கடைசியாக இறங்கியவர் அப்பா. எல்லோரும் தன் நாயைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். நெஞ்சில் தட்டினார்.

உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு கயிறு போனது. முதலில் அப்பாமேல் ஏறியது. இறங்கிய வேகத்தில் பக்கத்திலிருந்த அடுத்த சாம்பல் சட்டைமேல், மஞ்சுநாத் அண்ணன்மேல் ஏறியது. அவர் மறுபடியும் அதே கையை ஊன்றி விழுந்தார். ஓனரம்மா திரும்பி நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மினிடோர் வண்டி வந்தது. வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பு வைத்திருந்த அப்பாவின் நண்பர், காவலுக்குச் சங்கிலியில் கட்டிப்போட வெள்ளையனை ஏற்றிப்போனார். "அது அங்க ராசா மாதிரி இருக்கு" என்று அப்பா பல நாள் சொன்னார். ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை.

லைன் வீடு இப்போது இல்லை, அங்கே நாலு மாடிக் கட்டடம் நிற்கிறது. கம்பெனி பஸ் நின்ற இடத்தில் மொபைல் கடை. ஆளுக்கொரு பைக்கில் போகிறார்கள். பஸ்ஸுக்காக யாரும் கூடுவதில்லை. அப்பா சொல்லும் கதை மட்டும் அழியவில்லை. எந்த விசேஷத்திலும் நாலு பேர் சேர்ந்தால் போதும்: "பொம்பளப் புள்ள கையில அந்த நாய் நிக்குமா? கயித்த விட்டுட்டா, அதான் நாய் போச்சு." கூட்டம் சிரிக்கும். இருபது வருஷமாகச் சிரிக்கிறது.

அடுத்த மாதம் அவருக்கு அறுபதாம் கல்யாணம். மண்டபம் பிடித்தாயிற்று, சொந்தம் எல்லாம் வருகிறது, கையில் மைக் கொடுப்பார்கள், அவரும் அந்தக் கதையை எடுப்பார். எடுங்கள் அப்பா. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை காலையில் நான் உங்களிடம் என்ன கேட்டேன், நீங்கள் "சரி" என்றீர்களா இல்லையா, அதையும் அதே மைக்கில் சொல்லுங்கள். பந்திக்கு முன்னாலேயே சொல்லுங்கள். சாப்பிட்டபின் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.