புகை பிடித்த சரக்கு

போடியில் ஏலக்காய்க் கமிஷன் கடை வைத்திருப்பவனுக்கு வியாபாரம் பாதி, வந்தவனுக்கு ஊற்றிக் கொடுப்பது பாதி. ஊற்றாவிட்டால் மூட்டை எதிர்க்கடைக்குப் போய்விடும். இந்தத் தலையெழுத்தில் மாட்டியவர்களுக்குத்தான் என் எரிச்சல் புரியும்.

எண்பதுகளின் தொடக்கம். கப்பலில் வேலை பார்த்த மச்சினன் ஒரு பாட்டில் ஸ்காட்ச் விஸ்கி கொண்டுவந்தான். "ஒரு விரக்கடை ஊத்துங்க மாமா. ரெண்டு சொட்டுத் தண்ணி. மோந்து பாருங்க, புகை வாசம் வரும். அதுதேன் அதோட சிறப்பு" என்றான்.

வீட்டில் வைக்க முடியாது. கடை அலமாரியில் வைத்தேன். ஒரே ஒரு தடவை அப்படி முறையாகக் குடிக்க வேண்டும். வேறு ஆசை இல்லை. விட்டால்தானே!

ஆரஞ்சு கலர்

முதலில் மோப்பம் பிடித்தவர் வண்டன்மேட்டுத் தோட்டக்காரர். நல்ல காய் போடுகிறவர், மறுக்க முடியாது. ஊற்றினேன். ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். ஆரஞ்சு கலர் சோடா வாங்கிவரச் சொல்லி டம்ளர் வழிய ஊற்றினார். அவர் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பத்தேன் குடிக்கிற மாதிரி இருக்குண்ணே. இன்னொரு கலர் உடைங்க!"

தரம் பார்த்தவர்

அடுத்தவர் கொள்முதல் வியாபாரி. காயை மோந்தே விலை சொல்லுவார். அடுப்புப் புகை ஏறிய காயென்றால் மூட்டையைத் தொடவே மாட்டார். இவருக்காவது அருமை தெரியும் என்று நம்பி, கலர் பாட்டிலை ஒளித்துவைத்து, தண்ணீர்ச் சொட்டு விட்டுக் கொடுத்தேன்.

மோந்தார். மறுபடி மோந்தார். சட்டைப்பையிலிருந்து ரெண்டு பச்சை ஏலக்காயை எடுத்து, பல்லால் உடைத்து, டம்ளருக்குள் போட்டார். நான் அடிக்கப் போகாதது ஆச்சரியம்.

"புகை பிடிச்ச சரக்குண்ணே. உங்க மச்சினனை நல்லா ஏமாத்திட்டாக!"

கடைசி விரக்கடை

இப்படியே வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றி, மிச்சம் ஒரு விரக்கடை. சாக்குக்குப் பின்னால் பதுக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆள் இல்லாத கடையில், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ரெண்டு சொட்டுத் தண்ணீர். கண்ணை மூடி மோந்தேன்.

ஏலக்காய்.

வேறு டம்ளரைக் கழுவி அதில் மாற்றி ஊற்றினேன். ஏலக்காய். வாயில் வைத்தேன். அதுவும் ஏலக்காய்தான். ஆத்திரத்தில் டம்ளரை வீசினேன். சத்தம் கேட்டு எடை போடும் வீரணன் பின்வாசல் வழியாக ஓடிவந்தான். விஷயத்தைச் சொன்னேன். சிரித்தான், படவா.

"உங்க கையை மோந்து பாருங்க மொதலாளி. எங்க வீட்டுல கருவாட்டுக் கொழம்பே எனக்கு ஏலக்காயாத்தேன் மணக்குது!"

அடுத்த தடவை என்ன வேண்டும் என்று மச்சினன் கேட்டு எழுதியிருந்தான். ஒன்றும் வேண்டாம், இங்கே கலர் கிடைக்கிறது என்று எழுதிப் போட்டேன்.