மரவள்ளிக் காட்டில் படித்த இங்கிலீஷ்

திகாம் பத்து சாலையோரம் நிற்கும் இரண்டு மாடிக் கல்வீடு நான் கட்டியது. புக்கிட் செலம்பாவில் பிறருக்குப் பால் வெட்டிய கையாலேயே அங்கே சொந்தமாக ரப்பர்த் தோட்டம் வாங்கினேன். ஒற்றைப் பழைய லோரியில் ஆரம்பித்து வரிசையாக லோரிகளை நிறுத்தினேன். கோயிலுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பினேன். என் பிள்ளைகளில் ஒருவன் வழக்கறிஞர், ஒருத்தி டாக்டர். நான் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். அப்பனும் எனக்கு எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை.

இதையெல்லாம் யாரும் மறுப்பதில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் நான் செய்த ஒரு காரியத்தை இன்னொருவர் கணக்கில் எழுதிவிட்டார்கள். சென்ற மாதம் எங்கள் பழைய தோட்டத்துக்காரர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போட்டார்கள். அதில், தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதிய எங்கள் பெரிய கிராணியாரின் படம் முழுப் பக்கத்துக்கு வந்திருக்கிறது. ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில் தாளும் பலகையும் இல்லாமல், உடம்பைத் தொட்டுக் காட்டியே தொழிலாளிகளுக்கு மறைவாக இங்கிலீஷ் கற்பித்த மேதை என்று கீழே எழுதியிருக்கிறார்கள். 'ஒரு மரவள்ளிக் காட்டில்' பாடம் நடந்ததாம். அது யாருடைய மரவள்ளிக் காடு என்று எழுத ஒரு வரி இடமில்லை.

அது என்னுடையது. செமிலிங் பக்கத்தில், ஆற்றங்கரைச் சதுப்பை ஒட்டி, நான் தனியாளாகக் காடு வெட்டித் திருத்திய நிலம். வெள்ளைக்கார துரை ஓடிப்போய், தோட்ட ஆபீஸ் பூட்டிக் கிடந்த நேரம். பால் வெட்டும் வேலை நின்றுபோனது. அரிசி கண்ணில் படவில்லை. கோணிச்சாக்கைக் கிழித்து இடுப்பில் சுற்றிக்கொண்டு மரவள்ளியைத் தின்றோம். அதுவரை என்னை 'டேய்' என்று மட்டுமே கூப்பிட்ட கிராணியார் ஒரு காலையில் என் வரப்பில் வந்து நின்றார்.

"தம்பி, நமக்கும் கொஞ்சம் எடம் குடுத்தா நட்டுக்குவேன்."

"நடுங்க ஐயா. பதிலுக்கு எனக்கு இங்கிலீசு சொல்லிக் குடுங்க."

அவர் முகம் செத்துவிட்டது. ஊரே நிப்பொங்கோ என்ற ஜப்பான் பாஷையைப் படிக்க ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வருவான், வந்தால் அவன் பாஷை தெரிந்தவன்தான் பிழைப்பான் என்று கணக்குப் போட்டவன் நான் ஒருவன்தான்.

"பொஸ்தகத்தையெல்லாம் நானே கொளுத்திட்டேன்பா. ஒரு துண்டுத் தாள் கெடைச்சாலும் கழுத்தை வெட்டிடுவான் லா."

"தாள் எதுக்கு? ஒடம்பு இருக்குல்ல. நீங்க தொட்டுக் காட்டுங்க, நாங்க சொல்றோம். கேட்டா சிரங்கு சொறியறோம்னு சொல்லிக்கலாம்."

அன்று சிரங்கு இல்லாத உடம்பே தோட்டத்தில் கிடையாது. வெறும் சாக்கும் மரவள்ளியும் கொடுத்த சொத்து அது. ஒருவன் தலையைத் தொட்டாலும், முழங்காலைத் தேய்த்தாலும், பார்ப்பவன் அருவருத்து முகத்தைத் திருப்பிக்கொள்வான். அதைவிடப் பாதுகாப்பான கரும்பலகை எங்கே கிடைக்கும்? அந்த யோசனை முழுக்க என் மண்டையில் உதித்தது.

தலையில் ஆரம்பித்துக் கைக்கு வந்தபோது பாடம் அங்கேயே நின்றுவிட்டது. ஹேண்ட் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரன் எத்தனை வேலை வாங்குகிறான் என்று பார்த்து அசந்துபோனேன். கடிகார முள்ளும் ஹேண்ட், கையெழுத்தும் ஹேண்ட். ஒரு உள்ளங்கையை இன்னொன்றின் மேல் தூக்கிப் பிடித்தால் அப்பர் ஹேண்ட், அதாவது எவன் ஓங்கி நிற்கிறான் என்பது. மணிக்கட்டு இரண்டையும் சேர்த்து வைத்தால், என்னால் ஒன்றும் செய்ய முடியாது, கை கட்டிக் கிடக்கிறது என்று பொருள். கையிலிருந்து வாய்க்குக் கொண்டுபோனால் ஹேண்ட் டு மௌத். அன்றன்றைக்குக் கிடைத்ததை அன்றன்றே தின்று தீர்க்கும் பிழைப்பு.

"அதைச் சொல்லியா தரணும்?" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். நான் பாடத்துக்குக் கூட்டி வந்த தோட்டத்து ஆட்களில் அவரும் ஒருவர். "அதத்தான டெய்லி பண்றோம்."

தோட்டத்து ஆளுக்கும் ஹேண்ட் என்றுதான் பெயர் என்று கிராணியார் சொன்ன நாளில் யாரும் சிரிக்கவில்லை. துரை காலையில் எண்ணியது எங்கள் கைகளை மட்டும். கைக்கு மேலே ஒரு தலை இருப்பது அவன் கணக்கில் வரவில்லை.

பிறகு சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். ஒரு பகலில், பாடம் நடக்காத நேரத்தில், ஜப்பான் சிப்பாய் ஒருவன் எங்களை வேலை வாங்கிய மண்டோரைக் கூட்டிக்கொண்டு என் காட்டுக்கே வந்தான். எங்களை வரிசையாக நிற்க வைத்தான். சிரங்கில்லாத கைகளைப் பொறுக்க வந்தவன் அவன். கையைக் காட்டுங்கள் என்பதற்கு அடையாளமாகத் தன் கையை விரித்து எங்கள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

வரிசையில் முதலில் நின்ற பக்கத்து வீட்டு அண்ணன், கையைக் கண்டதும் பாடம் ஒப்பிப்பவரைப் போல, "ஹேண்ட்" என்றார்.

மாதக்கணக்கில் பழகிய பழக்கம். எங்களைத் தவிர வேறு யாருக்கும் அந்தத் தவறு வந்திருக்காது. சிப்பாய் அவரை அறைந்து தள்ளினான்.

"யாருடா இங்கிலீசு சொல்லிக் குடுத்தது?" என்று மண்டோர் கத்தினார். "கேக்குறான்ல, சொல்லித் தொலைங்கடா."

கிராணியார் தன் காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் முன்னால் வந்தேன்.

"நான்தான்."

"ஒனக்கே இங்கிலீசு எழுதப் படிக்க வராது. நீ சொல்லிக் குடுத்தியா?"

"அதனாலதான் வாயால சொல்லிக் குடுத்தேன்."

என் வலது கையை வெட்டிய மரத்தூர் மேல் வைக்கச் சொல்லித் துப்பாக்கிக் கட்டையால் இடித்தான். இரண்டு விரல்கள் நொறுங்கின. இன்றும் அவை மடங்காமல் நிற்கின்றன. உடைந்த கை சயாமுக்கு உதவாது என்று என்னை விட்டான். அண்ணன் தன் சிரங்கால் தப்பினார். அன்று சாயங்காலம் கிராணியார் வீட்டுக்கு வந்து, "தம்பி, நடந்தத வெளிய சொல்லிக்க வேணாம்" என்றார். வலியில் கிடந்தவனிடம் அவர் பேசியது அவ்வளவுதான். விரல் ஆறும் முன்பே பாடத்தைத் திரும்பத் தொடங்க வைத்தவனும் நான்தான். நடுங்கிக்கொண்டிருந்தவரை நான்தான் இழுத்து வந்தேன்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். ஆபீஸ் திறந்தது. நான் மறுபடியும் 'டேய்' ஆனேன். புதிய துரை ஒருநாள் பால் நிறுக்கும் இடத்துக்கு வந்து, இந்தக் கூலிகளுக்கு எப்படி இங்கிலீஷ் புரிகிறது என்று கேட்டான். நான் பால் வாளியோடு பக்கத்தில் நின்றேன்.

உயிரைப் பணயம் வைத்துத் தானே கற்றுக்கொடுத்ததாகக் கிராணியார் இங்கிலீஷிலேயே சொன்னார். இந்த வழியைக் கண்டுபிடித்ததும் தானே என்றார். துரை அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது. புரியும்படி என்னைத் தயார் செய்தவரே அவர்தானே. துரை கூப்பிடாமல் கூலி வாய் திறந்தால் அன்றே வேலை போகும், வீடும் போகும். வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

அன்று முளைத்த பொய்தான் இன்று உங்கள் மலரில் முழுப் பக்கமாக விரிந்து கிடக்கிறது. கிராணியார் காலமாகிவிட்டார். சாட்சி சொல்ல அந்த அண்ணனும் இல்லை. மிச்சம் இருப்பவன் நான்.

மலர்க் குழுவினருக்குச் சொல்கிறேன். கிராணியாரின் படத்தை எடுக்க வேண்டாம். அவருக்கு இங்கிலீஷ் தெரியும், சொல்லிக்கொடுத்தார், அது உண்மை. நிலம் தந்தவன், வழி சொன்னவன், அடி வாங்கியவன் நான் என்று அடுத்த அச்சில் சேருங்கள். அடி விழும் நேரத்தில், சொல்லிக்கொடுத்தவன் நான்தான் என்று சொன்னேன். அப்போது யாரும், கிராணியார் உட்பட, இல்லையென்று மறுக்கவில்லை. இப்போதும் மறுக்காமல் என் பெயரைப் போடுங்கள். நான் படித்துப் பார்க்க வேண்டும்.